ஒன்பதாவது சாமான்

வாயுள்ளவன் எல்லாம் வைத்தியன், வைத்தியம் படித்தவள் மட்டும் அடுப்படியில் கஷாயம் காய்ச்ச வேண்டியவள் என்று வழக்கம் வைத்திருக்கிற ஊர்கள் நம் பக்கத்தில் ஒன்றா இரண்டா, அதில் சங்கரன்கோவிலும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கரன்கோவில் புதுக்காலனியில், பத்திரப்பதிவு ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற குற்றாலிங்கம் வீட்டுக் கூடத்தில், ஆனி மாதக் கடைசி நாள் காலை பத்தேகாலுக்கு, உள்ளே ஒரு எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று ஓட ஆரம்பித்தது. ஓடினதை அப்புறம் சொல்லலாம், முதலில் அது வாங்கப்பட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டு மருமகள் மங்கையர்க்கரசி. கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் ஒரு ஆபீசில் ஆறு வருஷம் வீட்டுப் படம் வரைந்தவள். கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி, சன்னல் வழியாக நாலு மணி வெயில் எந்தச் சுவரில் விழும் என்பது வரைக்கும் திரையில் காட்டுகிற வேலை அது. கல்யாணம் ஆனதும் பஸ்ஸில் போய்வர முடியாமல் வேலை போயிற்று. இரண்டு வருஷம் கழித்து நாகர்கோவில் ஹென்றி இன்ஜினியர், அவள் கை சுத்தம் தெரிந்தவர், போனில் கூப்பிட்டு, "ஆடி முப்பதுக்குள்ள ஒரு வீட்டை வரைஞ்சு அனுப்பும்மா, சரியா இருந்தா ஆவணியில இருந்து நான் கட்டுற வீடெல்லாம் உன் கையிலதான்" என்றார். அதற்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். ரெடிமேடாக வாங்கினால் பாதிக்காசு பெயருக்கே போய்விடும் என்று, தன் பழைய சம்பளத்தில் மிச்சம்பிடித்து வைத்திருந்ததைக் கொண்டு சாமான் சாமானாக வாங்கித் தானே பூட்டிக்கொள்வது என்று முடிவுசெய்தாள். அதுவரை அவள் ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூடத் திறந்ததில்லை.

ஒரு மாதம் உட்கார்ந்து பழைய டயரியின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள்: பிராசஸர் இன்னது, அது உட்காருகிற மதர்போர்டு இன்னது மட்டும்தான், மாற்றி வாங்கினால் இரண்டும் குப்பை, ரேம் ஒரே பட்டையாக இல்லாமல் இரண்டாக, பின்னால் இன்னும் இரண்டு சொருக இடம் விட்டு, வரைந்ததைச் சேர்த்துவைக்கிற எஸ்.எஸ்.டி. பெரிதாக வேண்டாம், வேகமாக இருக்கட்டும், வெயிலையும் நிழலையும் கணக்குப்போட்டு வரைகிறது கிராபிக்ஸ் கார்டுதான் என்பதால் அதில் கஞ்சத்தனம் ஆகாது, பவர் சப்ளையில் மிச்சம்பிடித்தவன் மற்ற எல்லாவற்றையும் எரித்துவிட்டு உட்காருவான், மானிட்டர் ஒன்று, கேபினட் எது மலிவோ அது, முன்பக்கம் காற்று போக ஓட்டை இருந்தால் போதும். ஆக எட்டு சாமான். எழுதி முடித்த அன்று, பொண்ணு பார்த்து முடித்த அம்மாவுக்கு வருகிற மாதிரி ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது.

அந்த நிம்மதியோடு கூடத்தில் போய்ப் பட்டியலை வாசித்தாளே, அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

"எட்டா?" என்றார் மாமனார் குற்றாலிங்கம். "எட்டு ஆகாதும்மா. ஒம்பதாக்கு."

எதிர்வீட்டு வேலாயுதம் சார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர், உலகத்தில் தனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு என்பதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதவர், "எதுல பெரிய நம்பர் போட்டிருக்கோ அத வாங்கு. கண்ண மூடிட்டு வாங்கு" என்றார். கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருக்கிற புருஷன் கோமதிநாயகம், "லைட்டு கலர் கலரா எரியுமா மங்க?" என்று கேட்டான். உள்ளே இருக்கிற ஆறு சாமானைப் பற்றி யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாததால் பேச்சு தானாக உருண்டு கேபினட்டில் வந்து நின்றது. உள்ளே போகிறதைத் தேர்ந்தெடுக்கப் படிப்பு வேண்டும், பெட்டியைத் தேர்ந்தெடுக்க வாய் போதும். கறுப்பா வெள்ளையா, கூடத்தில் எந்த மூலை, கண்ணாடி வைத்ததா வைக்காததா என்று நாலு நாள் பேசினார்கள். கடைசியில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, முன்னால் மூன்று விசிறி வானவில் நிறத்தில் சுழல்கிற பெட்டி ஒன்று தீர்மானமானது. காற்றுப் போக ஓட்டை அதில் கிடையாது.

அடுத்தது ஆடி வந்து குறுக்கே நின்றது. ஆடித் தள்ளுபடியில் சாமான் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக்கூடாது. இந்த மாதிரி முடிச்சை அவிழ்ப்பதில் பத்திர ஆபீஸ்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. "அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டாச்சுன்னா கிரயம் எப்ப முடிஞ்சா என்ன? பெட்டியையும் மானிட்டரையும் ஆனி கடைசில கொண்டாந்து பூசையப் போட்டுருவோம். ஆரம்பிச்ச கணக்கு ஆயிரும். மத்த சாமான் ஆடில வரட்டும், அது ஆரம்பம் இல்லலா, தொடர்ச்சி" என்றார். பிள்ளை பிறக்குமுன்னே காது குத்துகிற இந்த யோசனைக்கு வேலாயுதம் சார் கைதட்டினார்.

அப்படித்தான் காலிப்பெட்டி வந்தது. மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், கதம்பம் சாத்தினார்கள், கண்ணாடிக் கதவைத் திறந்து நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, "இது ஒம்பதாவது சாமான்" என்று சொல்லிக் குற்றாலிங்கம் கதவைச் சாத்தினார். சூடம் காட்டியதும், "ஸ்விட்ச போடாம என்ன பூச" என்றார் வேலாயுதம் சார். உள்ளே ஒன்றும் இல்லை என்று மங்கை சொல்லிப் பார்த்தாள், அபசகுனமாகப் பேசாதே என்றார்கள். ஒயரை எங்கே சொருகுவது, பவர் சப்ளை இருக்க வேண்டிய இடம் ஓட்டையாகக் கிடந்தது, அந்த ஓட்டைக்குள்ளேயே ஒயரைத் தொங்கவிட்டு, மானிட்டர் ஒயரையும் பின்னால் ஒரு சந்தில் செருகி, சுவரில் ஸ்விட்சைப் போட்டுப் பெட்டியின் பொத்தானைக் குற்றாலிங்கம் அமுக்கினார். விசிறி சுற்றியது. வானவில் எரிந்தது. மானிட்டரில் வெளிச்சம் வந்து, "வாங்க குற்றாலிங்கம், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தமிழில் எழுத்து விழுந்தது.

யாரும் திடுக்கிடவில்லை. "நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம்லா" என்றார் குற்றாலிங்கம். "உள்ள ஒண்ணும் இல்லாததால சூடே ஆகல பாத்தீங்களா" என்றார் வேலாயுதம் சார். கோமதிநாயகம், அடுத்த மாதம் தனக்கு மேனேஜர் பதவி வருமா என்று கேட்டான். வந்துவிட்ட மாதிரியே அவன் பெயர் போட்ட உத்தரவு திரையில் வந்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

மங்கை முட்டாள் இல்லை, வந்த அதிர்ஷ்டத்தைக் காலால் உதைக்கிறவளும் இல்லை. அன்று மத்தியானமே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஹென்றி சொன்ன வீட்டைக் கேட்டாள். கண்ணைச் சிமிட்டுவதற்குள் வீடு வந்து நின்றது. அப்படி ஒரு வீட்டை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை, முற்றத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு தொழில் புத்தியில் உள்ளே நுழைந்து பார்த்தாள். படிக்கட்டு இருந்தது, ஏறிப்போய்ச் சேர மாடி இல்லை. குளியலறையில் தண்ணீர் வெளியேற வழி இல்லை. கூரையைத் தாங்க ஒரு தூண்கூட இல்லாமல் கூரை சும்மா நின்றது. இருந்தாலும் அனுப்பிப் பார்ப்போம் என்று அனுப்பினாள். 'போய்ச் சேர்ந்தது' என்று தங்க எழுத்தில் வந்தது. ஹென்றி போன் செய்து, "ஒண்ணும் வரலியேம்மா" என்றார். மூன்று தடவை அனுப்பினாள், மூன்று தடவையும் தங்க எழுத்து, மூன்று தடவையும் ஒண்ணும் வரலியேம்மா.

"மாமா, இதுல எதுவும் வெளிய போகல. திரையில மட்டும்தான் தெரியுது" என்றாள்.

"உனக்கு அது மேல நம்பிக்கை இல்ல. அதான் உனக்குப் போகல" என்றார் அவர்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மறுநாள் காலனி வந்தது, அடுத்த வாரம் பஜார் வந்தது, ஆடித்தபசு அன்று கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த கூட்டம் அப்படியே திரும்பிப் புதுக்காலனிக்குள் நுழைந்து செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிப்போட்டுவிட்டு வரிசையில் நின்றது. பத்தாவது பெயிலான பிள்ளையின் தாய்க்கு ஐந்நூறுக்கு நானூற்றித் தொண்ணூறு மார்க் வந்தது. முப்பத்தெட்டு வயசு மாப்பிள்ளைக்குப் பெண் வந்தது, போட்டோவோடு. பக்கத்து வயலின் வரப்பைத் தள்ளிப்போட்ட பட்டா ஒருவருக்கு வந்தது, அந்தப் பக்கத்து வயல்காரருக்கும் அதேபோல் எதிர்ப்பக்கம் தள்ளிப்போட்ட பட்டா வந்தது, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். யாரும் காகிதத்தில் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு சட்டம் எப்படியோ உண்டாகிவிட்டது. பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஜெபராஜ் ஆளில்லாமல் கடையை மூடிவிட்டுத் தானும் வந்து வரிசையில் நின்றான். அவனுக்குப் பெரிய கடை ஒன்று திரையில் தெரிந்தது. வேலாயுதம் சார் டோக்கன் கொடுத்தார், குற்றாலிங்கம் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்பரைக் கூப்பிட்டார், வருகிறவர்களுக்கெல்லாம் மங்கை காப்பி போட்டாள். வெறுங்கையால் முழம் போடுகிறவனைப் பார்த்திருக்கிறோம், அளந்துபோட்ட முழத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர்களை அன்றைக்குத்தான் சங்கரன்கோவில் பார்த்தது.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே இல்லாதது எல்லாருக்கும் தெரிந்தது. மறைத்துவைத்து ஏமாற்றினால்கூட மன்னிக்கலாம். ஒளிவுமறைவே இல்லை, ஒரு எலுமிச்சம்பழம், அதுவும் வாடாமல், அவ்வளவுதான். "அந்தப் பழந்தான் பிராசஸர்" என்று வேலாயுதம் சார் விளக்கம் சொல்ல, வரிசை தலையாட்டியது.

இதற்கிடையில் தொடர்ச்சியாக வர வேண்டிய சாமான்கள் கூரியரில் ஒவ்வொன்றாக வந்தன. மங்கை அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். எல்லாம் வந்து சேர்ந்தபோது ஆடி இருபத்திரண்டு. கூடத்துக்கு வந்து, "மாமா, ஒருநாள் மட்டும் கூட்டத்த நிறுத்துங்க, சாமான உள்ள பூட்டணும்" என்றாள்.

"எதையாவது உள்ள போட்டா நின்னு போயிரும்" என்றார் வேலாயுதம் சார்.

"ஒண்ணுமே போடாம ஓடுதுன்னா, போட்டவன்லாம் கேணப்பயன்னுதான அர்த்தம்?" என்றார் வரிசையில் ஒருவர். கோமதிநாயகம் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், "ஊரே நம்ம வீட்ட மதிக்குது மங்க. நீ ஒருத்தி ஏன் இப்படி இருக்க?" என்றான். அவன் இன்னமும் கேஷியர்தான், ஆனால் நடையில் மேனேஜர் ஆகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

"சட்டில இருந்தாத்தாங்க அகப்பைல வரும்."

"இங்கதான் சட்டியே இல்லாம வருதே" என்றான் அவன், ரொம்பப் பெருமையாக.

மங்கைக்கு அன்று அழுகை வரவில்லை, அருவருப்பு வந்தது. இவர்களோடு எதற்கு மல்லுக்கட்டுவது, பெட்டிதானே, பெட்டியை அவர்களே வைத்துக்கொண்டு கும்பிடட்டும் என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பு லேசாயிற்று. காய்கறி மார்க்கெட்டில் போய்த் தக்காளி வருகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கேட்டு வாங்கிவந்தாள். நாலு பக்கமும் ஓட்டை, காற்று தாராளமாகப் போகும். அவள் பட்டியலில் கேபினட் என்று எழுதிய இடத்தில் முதலிலிருந்தே கேட்டது இதைத்தான்.

மறுநாள் காலை, காப்பி போடுவதை நிறுத்திவிட்டு, அரிசி டிரம் இருக்கிற சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மதர்போர்டைத் தக்காளிப் பெட்டியின் அடியில் வைத்துப் பிளாஸ்டிக் கட்டுப் போட்டு இறுக்கினாள். பிராசஸரின் மூலையில் இருந்த முக்கோணக் குறியையும் அது உட்காருகிற இடத்தின் குறியையும் நாலு தடவை சரிபார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள், கொக்கியை அமுக்கும்போது நறுக்கென்று ஒரு சத்தம் வந்து உயிர் போய் உயிர் வந்தது. பவர் சப்ளையைப் பக்கத்தில் நிறுத்தினாள். திரைக்குப் படுக்கையறையில் கிடந்த சின்ன டி.வி.யை வைத்துக்கொண்டாள். தக்காளிப் பெட்டிக்குப் பொத்தான் கிடையாது, அதனால் பொத்தான் ஒயர் சொருகுகிற இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டாள். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் கழற்றினாள், பூட்டினாள், கழற்றினாள். மூன்றாம் தடவை ரேம் பட்டை ஒன்று சரியாக இறங்காமல் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்து அமுக்கினாள். தொட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக ஓடியது. 'வாங்க மங்கையர்க்கரசி' என்றெல்லாம் அது சொல்லவில்லை, இன்ன பிராசஸர் இருக்கிறது, இவ்வளவு ரேம் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் அரிசி டிரம்மில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

வீட்டை வரைய ஏழு நாள் ஆயிற்று. தூண் வைத்தாள், தூணுக்குக் குறுக்கே பீம் வைத்தாள், குளியலறையில் தண்ணீர் போக வாட்டம் கொடுத்தாள். நாலு மணி வெயில் சுவரில் விழுகிற படம் ஒன்றை வரைந்து முடிக்க அந்தத் தக்காளிப் பெட்டி மூன்று மணி நேரம் இரைந்தது. கூடத்தில் இருந்தவர்கள், "உள்ள என்ன, மாவு அரைக்காளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆடி முப்பது மத்தியானம் அனுப்பினாள். அரைமணி கழித்து ஹென்றி போன் செய்தார். "வந்துட்டுதும்மா. படிக்கட்டுல ஒரு படி குறையுது, மத்தபடி சுத்தம்" என்றார். ஒரு படி குறைகிறது என்று ஒருவர் சொன்னது அவளுக்குச் சர்க்கரையாக இனித்தது.

ஆவணியில் நாலு வீடு வந்தது. ஒரு பிரிண்டர் வாங்கினாள். புருஷன் அதை ஒருதரம் எட்டிப் பார்த்து, "இது என்னத்துக்கு, நம்மகிட்டதான் தங்க எழுத்தே வருதே" என்றான்.

புரட்டாசியில் ஒருநாள் பதினோரு மணிக்கு, கூடத்தில் முப்பது டோக்கன் உட்கார்ந்திருக்கும்போது, தபால்காரர் குற்றாலிங்கம் கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். பென்ஷன் வாங்குகிறவர்கள், உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷம் ஒருதரம் சான்று அனுப்ப வேண்டும். குற்றாலிங்கம் அதை ஆடியிலேயே கூடத்துப் பெட்டியில் முடித்துவிட்டிருந்தார். திரையில் அவர் படத்தைச் சுற்றி ரோஜா மாலை போட்டு, 'நூறாண்டு வாழ்க' என்று வந்திருந்தது. கவரில் வந்த கடிதம் மாலை எல்லாம் போடவில்லை. உரிய காலத்தில் சான்று வராததால் தாங்கள் காலமாகிவிட்டதாகக் கருதிப் பென்ஷன் நிறுத்தப்பட்டுள்ளது, தாங்கள் உயிரோடிருக்கும் பட்சத்தில் தாமதத்துக்கான காரணத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட மனுவை உடனே அனுப்பவும் என்று இருந்தது.

அவர் முதலில் பெட்டியைத்தான் கேட்டார். அது பழைய மாலையோடு இன்னொரு மாலையும் போட்டு, 'இருநூறாண்டு வாழ்க' என்றது. வரிசை கைதட்டியது. அவர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி அடுப்படிப் பக்கம் போய், சாமான் அறைக் கதவில் நின்றார்.

"மங்க."

"சொல்லுங்க மாமா."

"ஒரு மனு அடிக்கணும். காகிதத்துல." கடிதத்தை நீட்டினார். "ஜெபராஜ் கடைய மூடிட்டான். கையால எழுதிக் கொடுத்தா எடுபடாது. நான் உயிரோடதான் இருக்கேன்னு... அதுல ஒருதரம் போடேன்."

மங்கை கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். பெயர், பென்ஷன் நம்பர், விலாசம் எல்லாம் கேட்டுக்கேட்டு அடித்தாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்து ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது. தங்க எழுத்து இல்லை, கறுப்பு மை, ஓரத்தில் லேசாகக் கோணல். குற்றாலிங்கம் முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றார். 'என் வீட்டுக் கணினியில் உள்ளே ஒன்றும் இல்லாததால், நான் அதில் அனுப்பிய சான்று தங்களுக்கு வந்து சேரவில்லை.'

"இந்த வரி வேணுமாம்மா?"

"தாமதத்துக்குக் காரணம் கேட்டிருக்காங்களே மாமா. வேற காரணம் இருந்தா சொல்லுங்க, மாத்தி அடிச்சுத் தாரேன்."

அவர் யோசித்தார். உடம்பு சரியில்லை என்று போடலாம், ஆனால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். ஊரில் இல்லை என்று போடலாம், ஆனால் ஆடி முழுக்க அவர் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை என்பதற்கு ஊரே சாட்சி. பொய்ப் பத்திரம் எத்தனையோ பார்த்தவர்தான், அதில் ஒன்றில்கூடத் தன் கையெழுத்து இருந்ததில்லை என்கிற கர்வம் ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது. கூடத்திலிருந்து வேலாயுதம் சார், "அண்ணாச்சி, பதினேழாம் நம்பர் காத்திருக்கு" என்று கூப்பிட்டார்.

குற்றாலிங்கம் அரிசி டிரம்மின் மூடிமேல் தாளை வைத்து, இரைந்துகொண்டிருந்த தக்காளிப் பெட்டியைப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டார். மங்கை அதைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டு, கூடத்துக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதினேழு" என்று கூப்பிட்டார்.